கறுக்காத போத்தல்

ஜூன் 17, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பலமில்லை, ஆனால் விடாது. லயமே குடிதண்ணீர் பிடிக்கும் பீலியில் த. (தண்ணீர்) கலங்கல், செம்மண் நிறம். விறகு நனைந்துவிட்டது. கூரைத் தகரம் ஒன்று மூலையில் கிளம்பி நிற்கிறது, கல் வைக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியின் கால் உடைந்தது. நூல் சுற்றியிருக்கிறேன், எழுதும்போது மூக்கில் நழுவுகிறது.

சனிக்கிழமை டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்றாம் தடவை வருகிறார்களாம். லோஷினி சொன்னாள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஆறாம் காம்பரா சந்திரனின் மகள், பத்தாம் வகுப்பு, அந்தப் பள்ளிக்கூடத்தின் சுற்றாடல் கழகத்தில் இருப்பவள். எங்கள் லயத்திலிருந்து அங்கே போய்ப் படிப்பது அவள் ஒருத்திதான். முன்பு வந்த இரண்டு தடவையும் பிள்ளைகள் அளந்து பழகுவதற்காம். இந்தத் தடவை குழாய்த் திட்டத்து அதிகாரியும் கூட வருவார், இதுதான் பதிவில் ஏறும். தோட்டத்தில் எந்த டிவிசனின் தண்ணீர் மிக மோசமோ, அங்கே குழாய் முதலில்.

பிள்ளைகள் செய்வது (லோஷினி சொல்ல எழுதிக்கொண்டது):
1. தண்ணீரின் சூடு பார்ப்பது.
2. நீளக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அடியிலுள்ள கறுப்புக் கோடு தெரிகிறதா என்று மேலிருந்து பார்ப்பது.
3. கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை எண்ணுவது. பூச்சி இருந்தால் ஆறு உயிரோடு இருக்கிறதாம்.
4. சின்னப் போத்தல். உள்ளே மருந்துத் தாள். பீலித் தண்ணீரை நிரப்பி மூன்று நாள் வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுத்துவிடும்.

இரண்டு தடவையும் கறுத்தது. மையைப் போல.

மேல் லயத்துக் கக்கூஸ் குழிகள் இடிந்து, மழைக்கு ஆற்றில் இறங்குகின்றன, அந்த ஆறுதான் எங்கள் பீலிக்கு வருகிறது என்று இதுவரை பதினொரு மனு எழுதியிருக்கிறேன். முதல் மனு, என் மனுசி மஞ்சட்காமாலையில் செத்துப்போன அந்த மாதத்தில் எழுதியது. எதற்கும் பதில் இல்லை. நான் ஒன்பது வருடமாகச் சொன்னதை ஒரு விரல் நீளப் போத்தல் மூன்று நாளில் சொல்லிவிட்டது.

ஜூன் 18, புதன்

மழை விட்டு விட்டு. த. கலங்கல், மதியத்துக்குமேல் கொஞ்சம் தெளிவு.

அதிகாரியிடம் சொல்ல வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தேன். நீளமாகப் பேசினால் கேட்க மாட்டார்கள்.
அ. குழி இடிந்தது எந்த வருடம்.
ஆ. தோட்டத்துக்கு அறிவித்தது எத்தனை முறை.
இ. இந்த வருடம் வயிற்றோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகள், காம்பரா இலக்கத்தோடு.
ஈ. காட்டுக்குள் மேலே நல்ல ஊற்று இருக்கிறது. குழாய் அங்கிருந்து வர வேண்டும், ஆற்றிலிருந்து அல்ல.

தமிழில் எழுதினேன். கீழே சிங்களத்திலும் எழுதினேன், பிழை இருக்கும். ஸ்டோரில் தேயிலைப் பெட்டிகளுக்கு அச்சுக் குத்தியபோது இங்கிலீஸ் எழுத்துப் பழகினேன். தமிழ், சாமான் சுற்றி வந்த பத்திரிகையில். சிங்களம் பஸ் பலகையில். ஒருவரும் சொல்லித்தரவில்லை.

தொழிற்சங்கத் தலைவர் இன்னும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளை, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் கூட்டமாம்.

ஜூன் 19, வியாழன்

மழை இல்லை, பனி. த. தெளிவு மாதிரி தெரிகிறது. தெரிவதை நம்ப முடியாது.

கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. நானாகப் போனேன். வேலை முடிந்து பெண்கள் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். தலைவர் நடுவில் ஸ்டூல் போட்டு இருந்தார். நம் டிவிசனுக்கே தலைவர், என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். பேச்சு எதைப் பற்றி என்று பார்த்தால், பீலியைக் கழுவுவது பற்றி. நாளை எல்லோரும் சேர்ந்து பாசி சுரண்ட வேண்டும், கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், கரையிலுள்ள குப்பையைக் கொளுத்த வேண்டும்.

எழுந்து கேட்டேன், வருகிறவர்கள் கல்யாணத்துக்கா வருகிறார்கள் என்று.

தலைவர் சொன்னது: "தோட்டத்துத் தொரை வந்தாலே சுண்ணாம்பு அடிக்கிறோம். இப்ப அதிகாரி வர்றாரு, வெளியூருப் புள்ளைங்க வருது. பீலிய நாறப் போட்டு வச்சுக் காட்டச் சொல்றீங்களா பெரியவரே?"

"நாறட்டும். நாறுனாத்தான் கொழாய் வரும்" என்றேன்.

பிறகு சந்திரனின் மனைவி புஷ்பம் மெதுவாகச் சொன்னாள்: "ஒங்களுக்கென்னாங்க மாமா, தனியாளு. போன தடவ அந்தப் போத்தலத் தூக்கிக் காட்டிக்கிட்டு ஒரு டவுன் புள்ள, இதையா குடிக்கிறாங்கன்னு கேட்டுச்சு. எம்மவ பக்கத்துலதான் நின்னா. அன்னைக்கு ராவு அவ சாப்புடல."

அது உண்மை. எனக்குச் சந்தோஷம் தந்த போத்தல் அந்தப் பிள்ளைக்கு வேறு விதமாக இருந்திருக்கிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. கக்கூஸ் குழிக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியுமா என்று சத்தமாகக் கேட்டேன்.

தலைவர் சிரித்தார். பெரியவர் எழுதுவதெல்லாமே கக்கூஸ் மனுதானே என்றார். கூட்டமும் சிரித்தது. சனிக்கிழமை நான் கொஞ்சம் காம்பராவோடு இருந்துகொண்டால் புண்ணியமாகப் போகும் என்றும் சொன்னார்.

"கூப்புட்டா வருவேன். கூப்புடாட்டி அன்னைக்கு ஆத்துப் பக்கம் கால் வைக்க மாட்டேன்."

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது சொன்னதுதான்.

ஜூன் 20, வெள்ளி

வெயில், பத்து மணி வரை. த. தெளிவு.

லயமே பீலியில். சுரண்டுகிறார்கள், கழுவுகிறார்கள். வேலை இல்லாத பெண்களெல்லாம் விளக்குமாறோடு. கல்லுக்குச் சுண்ணாம்பு, தொட்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு, பக்கத்து வேலிக்கம்புக்கும் சுண்ணாம்பு. திருவிழாவுக்கு அடிப்பதைவிட நன்றாக அடித்திருக்கிறார்கள். பீலியின் வாயில் செவ்வந்தி மாலை. போக மாட்டேன் என்று சொன்னது நாளைக்கு, இன்றைக்கு அல்ல. ஆனாலும் போகவில்லை. வாசலில் இருந்தே எல்லாம் தெரிகிறது.

இவர்களைக் குறை சொல்லி என்ன. எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இதுதான் பழக்கம். பார்க்க ஆள் வருகிறது என்றால் முதலில் கூரை ஒழுகுவதை மறைப்போம். பிறகு கூரை ஒழுகுகிறது என்று அழுவோம்.

அரிசி புடைத்தேன். கூரைக்குக் கல் வைத்தாயிற்று. முழங்கால் வலி.

ஜூன் 21, சனி

வானம் மப்பு. மழை இல்லை.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோதே மணம். பிளீச்சிங் பவுடர். சந்தேகமே இல்லை. வாந்திபேதி பரவிய வருடம் தோட்டத்தில் தொட்டிக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு தொட்டிக்கு ஒரு கரண்டி, அதையும் வாளியில் கரைத்து. இது கரண்டி மணம் அல்ல. ஆற்றின் பக்கமிருந்து காம்பரா வரைக்கும் வருகிறது.

போட்டிருக்கிறார்கள். கிருமி செத்திருக்கும். போத்தல் கறுக்காது.

எனக்கு அது அந்த நிமிடமே விளங்கிவிட்டது. இதை மறைக்காமல் எழுத வேண்டும். ஆறு மணிக்கே விளங்கிவிட்டது, வேன் வந்தது ஒன்பதுக்கு. நடுவில் மூன்று மணித்தியாலம் இருந்தது.

குளித்தேன். வெள்ளைச் சட்டை போட்டேன். துண்டுக் காகிதத்தைப் பையில் வைத்தேன், பேனாவையும். கட்டிலில் உட்கார்ந்தேன். யாராவது கூப்பிட வருவார்கள். அதிகாரி கேட்பார், இங்கே மனு எழுதும் ஒரு ஆள் இருக்கிறாராமே, எங்கே என்று. அவரிடம் பதினொன்று போயிருக்கிறதே.

ஒன்பதரைக்குப் பிள்ளைகளின் சத்தம். அவர்களைக் கூட்டிவந்த டீச்சரின் குரல், யாழ்ப்பாணத்துப் பேச்சு. தலைவர் சிரிக்கும் சத்தம். பத்து மணி. பத்தரை.

பதினொரு மணிக்கு லோஷினி வாளி எடுக்க ஓடிவந்தாள். கூப்பிட்டு நிறுத்தி, யாராவது என்னைத் தேடினார்களா என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா. அவங்க போகப் போறாங்க."

"சரி, போ" என்றேன்.

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். ஓடிப்போய் டீச்சரிடம் சொல்லு, பவுடர் போட்டிருக்கிறார்கள் என்று. நாலு வார்த்தை. சொல்லவில்லை. அவளுக்கு மூக்கு இல்லையா, டீச்சருக்கு இல்லையா, படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்றுதான் அப்போது ஓடியது. கூப்பிடவில்லையே என்ற ஒன்றுதான் தலைக்குள்.

பதினொன்றரைக்கு வேன் போய்விட்டது. சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். கசங்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

தூறல். த. மிகத் தெளிவு. இத்தனை வருடத்தில் இப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை.

சொன்ன நாள் நேற்றோடு முடிந்தது. இன்று போனேன். பீலிக்குக் கீழே, கல்லிடுக்கில்:
நண்டு, பெரிதும் சிறிதுமாய்ப் பதினாலு. எல்லாம் மல்லாக்க.
சின்ன மீன், எண்ண முடியவில்லை. காகம் பாதி தின்றிருக்கிறது.
தவளை இரண்டு.
கல்லைப் புரட்டினேன், அடியில் ஒன்றுமில்லை. வழுவழுவென்று கழுவின கோப்பை மாதிரி.

சந்திரன் குடத்தோடு வந்தான். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான், பிறகு வந்தான். கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெள்ளையாக இருக்கிறது. தேயிலைக்கு மருந்தடிக்கிற கைதான், ஆனாலும் அதற்கு இப்படி உரியாது.

"நீயாடா போட்டே?"

"தலைவர்தான் சொன்னாரு மாமா. கிருமி இருக்குன்னுதானே கறுக்குது, கிருமிய கொன்னுட்டா நல்லதுதானேன்னாரு. நல்லதுதானேங்க?"

எவ்வளவு போட்டாய் என்று கேட்டேன். இரண்டு பெக்கட்டும் என்றான். ஐந்து மணிக்கு, அப்படியே, தொட்டியில் பாதி, மேலே ஆற்றில் பாதி. கரைக்கவில்லை.

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கள்ளம் இருந்தால் திட்டலாம்.

மத்தியானம் பொகவந்தலாவைக் கடைத்தெருவுக்குப் போனேன், மூக்குக் கண்ணாடிக்கு ஆணி போட. இரும்புச் சாமான் கடைக்கார நானாவிடம் பவுடர் பற்றிக் கேட்டேன். அவர் உடனே, "ஓம், ஒங்கட தலைவர்தான் வந்து எடுத்தாரு. எதுக்குன்னு கேட்டேன். தண்ணிய டெஸ்ட் பண்ண வாராங்க, அதுக்குன்னாரு. டெஸ்டுக்கு அவங்கதானே மருந்து கொண்டு வரணும், இவரு ஏன் கொண்டு போறாருன்னு நான் யோசிச்சேன்" என்றார். மூக்குக் கண்ணாடிக்குச் சரியான ஆணி இல்லை. கம்பி சுற்றித் தந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

மழை. த. மீண்டும் கலங்கல்.

மூன்றாம் நாள். லோஷினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே இங்கே வந்தாள். போத்தல் கறுக்கவில்லை. தண்ணீர் ஊற்றியபோது இருந்த நிறமே. பிள்ளைகள் கைதட்டினார்களாம்.

நீ தட்டினாயா என்று கேட்டேன்.

தட்டினாளாம். மற்றவர்கள் அவளைப் பார்த்துத்தான் தட்டினார்களாம், உங்கள் தண்ணீர் நல்லாகிவிட்டது என்று. அழுதுகொண்டே சொன்னாள். வீட்டில் பவுடர் பெக்கட் வெறுமையாகக் கிடந்ததை அவள் ஞாயிறுதான் பார்த்தாளாம். சனிக்கிழமை மணம் வந்ததே என்றேன். வந்ததாம். டீச்சரே தலைவரிடம் கேட்டாராம், குளோரின் போடுவீர்களா என்று. தலைவர் உடனே, ஆமாங்க மிஸ், வாரா வாரம் போடுவோம் என்றாராம். டீச்சர் சந்தோஷப்பட்டு அதையும் படிவத்தில் எழுதிக்கொண்டாராம்.

வாரா வாரம்.

சோறு வைக்க மறந்து இருந்துவிட்டேன். பாண் கொஞ்சம் இருந்தது, அதைத் தின்றேன்.

ஜூன் 26, வியாழன்

மழை. த. கலங்கல். ஒன்பதாம் காம்பராக் கைப்பிள்ளைக்கு மறுபடி வயிற்றோட்டம், டிஸ்பென்சரியில்.

முடிவு வந்துவிட்டது. லோஷினி போனில் காட்டினாள். அப்படியே பிரதி செய்கிறேன்:

சூடு: சாதாரணம்.
தெளிவு: மிக நன்று.
மலக்கிருமி: இல்லை.
நீர் சுத்திகரிப்பு: உண்டு, வாராந்தம்.
சுற்றுப்புறச் சுத்தம்: மிக நன்று.
நீர்ப்பூச்சிகள்: இல்லை. (மோசம்)
மொத்த நிலை: மத்திமம்.
குழாய்த் திட்டம்: இப்போதைக்கு முன்னுரிமை இல்லை.

பூச்சி ஒன்றுதான் உண்மையைச் சொல்லியிருக்கிறது, செத்துப்போய். அதையும் மற்றவற்றோடு கூட்டிப் பிரித்து மத்திமம் ஆக்கிவிட்டார்கள். ஒரு கால் நெருப்பிலும் ஒரு கால் பனியிலும் நின்றால் இவர்கள் கணக்கில் அவன் சுகமாக இருக்கிறான்.

தலைவர் தாளை லயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். "மிக நன்று" இரண்டையும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு. கடைசி வரியை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. நான் வாசித்துக் காட்டினேன். அதெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

ஜூன் 27, வெள்ளி

மழை, காற்று. ஏழு மணி பஸ் வரவில்லை, எட்டேகால் பஸ்ஸில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் அரை மணித்தியாலம்.

டீச்சர் நல்ல பிள்ளை. முப்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம். நாற்காலி தந்தார், தேத்தண்ணீர் வரவழைத்தார். எல்லாம் சொன்னேன். இந்தக் கொப்பியையும் காட்டினேன், முந்தையவையும். நாள்தோறும் பீலித் தண்ணீர் என்ன நிறம், மழையா வெயிலா என்று ஒன்பது வருடம். டீச்சர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு:

"ஐயா, நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது. நான்தான் பிழை விட்டிட்டன். அந்த மணத்துக்கு நான் யோசிச்சிருக்க வேணும். எங்கட ஊரிலை கிணத்துக்குக் குளோரின் போடுறது வழமை, அதாலை எனக்கு வித்தியாசமாத் தெரியேல்ல."

கொப்பிகளைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். படிவத்தில் அதற்கு இடமில்லையாம். கண்ணால் பார்த்தது, அளந்தது அல்ல. இரண்டு பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். என் ஆறுதலுக்காக எடுத்தார் என்று நினைக்கிறேன்.

நான் போத்தலில் கொண்டுபோன தண்ணீரையும் எடுத்துக்கொள்ளவில்லை. சோடாப் போத்தல், கொதிநீரில் கழுவியதுதான். அப்படிச் செய்ய முடியாதாம், முறை இருக்கிறதாம்.

ஒரு வழி சொன்னார். அன்று பவுடர் போட்டது வழமையாக அல்ல, அன்றைக்காக மட்டும் என்று, போட்ட ஆளே எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தால், அதைக் காட்டி மறுபடி அளக்கச் சொல்லி அதிகாரியைக் கேட்கலாம். வேறு யாரும் எழுதினால் தலைவரின் சொல்லுக்கு எதிர்ச்சொல்தான், நிற்காது. திங்கட்கிழமைக்குள் வேண்டும், அதன்பின் பட்டியல் போய்விடும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சோடாப் போத்தல் மடியில். இறங்கிய இடத்தில் ஊற்றிவிட்டேன்.

ஜூன் 28, சனி

மழை. த. கலங்கல்.

சந்திரனிடம் போனேன். குடும்பமே இருந்தது. உட்காருங்கள் என்று சொன்னார்கள், உட்காரவில்லை.

அவன் முடியாது என்று சொல்லவில்லை. பேசியது புஷ்பம். அடுத்த மாதம் மருந்தடிக்கிற கூட்டத்துக்கு இவனைக் கங்காணியாகப் போடத் தலைவர் பேர் கொடுத்திருக்கிறாராம். தலைவர் பொய் சொன்னார் என்று இவன் எழுதிக் கொடுத்தால் அந்தப் பேரும் போகும், இருக்கிற வேலையும் போகும்.

லோஷினி உள்ளேயிருந்து வந்து, நான் எழுதித் தருகிறேன் தாத்தா, நான் பெக்கட்டைப் பார்த்தேன், நான் கழகத்தில் இருக்கிறேன், என் பேச்சை எடுப்பார்கள் என்றாள். தாய் அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை.

"ஒங்கப்பனப் பத்தி நீ எழுதிக் குடுக்காத" என்றேன். "அது ஒன் வேலை இல்ல."

வெளியே வந்தேன். வேறு யாரையும் கேட்க முடியாது. போட்டது ஒருவன்தான். சொன்னது ஒருவர்தான். தலைவரிடமும் போனேன், அதையும் செய்துவிட்டேன். வாசலில் நின்று, ஊருக்காக, வாராவாரம் இல்லை என்று ஒரு வரி என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் ஆச்சரியம்.

"பெரியவரே, நான் ஊரு மானத்துக்குத்தான் செஞ்சேன். கொழாய் போகும்னு எனக்கு யாருங்க சொன்னா? இப்ப நான் பொய்யின்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு தோட்டத்துல போயி எதைப் பேசினாலும் எம்பேச்சு எடுபடுமா?"

அதுவும் சரிதான். எல்லோரும் சரியாகத்தான் பேசுகிறார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

மழை. த. பார்க்கவில்லை.

கோயிலில் பாட்டு. சோறு, கீரை. காலில் அட்டை கடித்த இடம் வீங்கியிருக்கிறது.

நாள் முழுவதும் ஒரே யோசனை. அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கு எழுந்து நடந்திருந்தால் ஐந்து நிமிடத் தூரம். இதற்குப் பெயர் என்ன. மானம் என்று தலைவர் சொல்கிறார், அவருடையதை. என்னுடையதும் அதுதான் போலிருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

விடிய எழுதினேன். மூன்று தாள் வீணானது. நாலாவது:

"ஜூன் 21ஆம் திகதி காலை ஐந்து மணியளவில் எமது குடிநீர்த் தொட்டியிலும் ஆற்றிலும் இரண்டு பெக்கட் பிளீச்சிங் பவுடர் இட்டவன் நானே. இது வாராந்தம் செய்யப்படுவது அல்ல. அன்றைய தினம் மட்டுமே. பரிசோதனையின் தன்மை அறியாமல் செய்தது. தயவுசெய்து மீண்டும் பரிசோதிக்கவும்."

பெயர், காம்பரா இலக்கம், கையெழுத்து.

பதினொரு மனுவிலும் ஒரு பொய் இல்லை. நிறத்தைக்கூடக் கூட்டி எழுதினதில்லை. பன்னிரண்டாவது பொய்யில்தான் தொடங்குகிறது, வாராந்தம் அல்ல என்பது மட்டும் உண்மை.

எட்டேகால் பஸ். டீச்சர் வாசித்தார். ரொம்ப நேரம் வாசித்தார், நாலு வரியை.

"ஐயா, நீங்களா போட்டது?"

"எழுதியிருக்கேனே" என்றேன்.

உறையில் போட்டு வைத்தார். நான் எழும்பும்போது அவரும் எழும்பினார்.

ஜூலை 2, புதன்

மழை. த. கலங்கல், நாற்றம். வாந்தி ஒரு வீட்டில். நிலக்கடலை காயவில்லை. கம்பி சுற்றிய கண்ணாடி காதை அறுக்கிறது. செய்தி ஒன்றும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

மழை.

செய்தி வந்தது. டீச்சர் லோஷினியின் போனுக்குக் கோல் எடுத்து, என்னிடம் கொடுக்கச் சொன்னார். குரல் சரியில்லை. அதிகாரி கடிதத்தை ஏற்றுக்கொண்டாராம். ஏற்றுக்கொண்டதால் எங்கள் டிவிசனின் பரிசோதனை ரத்து. மத்திமம் என்பதும் ரத்து. இனி முதலிலிருந்து அளக்க வேண்டும், ஆனால் பட்டியலில் மற்ற டிவிசன்கள் எல்லாம் முடிந்த பிறகு. எப்போது என்று கேட்டேன். இந்த வருடம் நடக்காது ஐயா என்றார். அதோடு, குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றில் இரசாயனம் கலந்த இடம் என்பதால் பாதுகாப்புக் கருதிப் பிள்ளைகளை இனி அனுப்ப வேண்டாம் என்று அதிபர் சொல்லிவிட்டாராம்.

"நான் இப்பிடி வரும் எண்டு நினைக்கேல்ல ஐயா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

உங்கள் பிழை இல்லை என்றேன். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது லோஷினியின் முகத்தைப் பார்க்கவில்லை. கழகத்தில் அவளுடைய ஆற்றுக்கு இனி இடமில்லை. மற்றப் பிள்ளைகள் வேறு ஆற்றுக்குப் போவார்கள், இவளும் போவாள், வேறு யாருடையதையோ அளக்க.

ஜூலை 5, சனி

மழை. எழுத மனமில்லை.

தலைவருக்கும் என் கடிதத்தின் பிரதி வந்திருக்கிறது. சுவரிலிருந்த தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை ஒட்டியிருக்கிறார். என் கையெழுத்து, நல்ல தெளிவாகத் தெரிகிறது. ஒரே நாளில் லயம் முழுவதும், மேல் லயமும், வாசித்தாயிற்று. கூட்டத்தில் சிரித்ததற்குப் பழிவாங்கினேன் என்கிறார்கள். குழாயைக் கெடுத்தேன் என்கிறார்கள். ஒரு பெண் என் வாசலில் நின்று, பிள்ளையைத் தூக்கிக் காட்டி, இதுக்கு என்ன பதில் என்று கேட்டாள். ஒன்பதாம் காம்பரா.

பவுடர் போட்டவனை அறிந்தவர்கள் அறிவார்கள். அவர்களும் இப்போது கடிதத்தைத்தான் நம்புகிறார்கள். எழுத்தில் இருக்கிறதே.

ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டிருந்தது. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. போகாமல் முடியாது. ஏழு மணிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். பன்னிரண்டு பேர் இருப்பார்கள், வரிசையில். கடைசியில் போய் நின்றேன்.

ஒருத்தி திட்டத் தொடங்கினாள். இன்னொருத்தி சேர்ந்தாள். தலைவரும் பல் விளக்கிக்கொண்டு அங்கே இருந்தார். முன்னால் மூன்றாவதாக நின்ற சந்திரன் திரும்பினான். ஒரு நிமிடம், உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். வேண்டாம் என்று தலையாட்டவும் பார்த்தேன்.

"விடுங்கக்கா" என்றான். "வயசாகிப் போச்சு. என்னா செய்றோம்னே அவருக்குத் தெரியல. பாவம்."

திட்டு நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், வேறு மாதிரி. திட்டியவளே வந்து என் கையிலிருந்த குடத்தை வாங்கினாள். வாங்க தாத்தா, நீங்க முன்னுக்குப் புடிங்க என்றாள். வரிசை முழுவதும் எனக்காக ஒதுங்கி வழிவிட்டது.